செயின்ட் ஹெலினா கற்றுத் தந்தது: தீவுச் செடிகளின் முக்கிய இடங்களைக் கண்டறிந்து காப்பது எப்படி

தாவரவியல் படித்துவிட்டுத் தீவுகளில் களப்பணிக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, எங்கேயிருந்து தொடங்க?" கையில் இருக்கும் நாள் குறைவு, எல்லாச் சரிவையும் ஏறிப் பார்க்க முடியாது. எந்த இடங்களைக் காப்பாற்றினால் அந்தத் தீவின் சொந்தச் செடிகள் பிழைக்கும் என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் கோடு போட்டு, கோட்டுக்குள் வேலையை ஆரம்பிக்க வேண்டும். நெல்லைப் பக்கத்து மலைகளில் செடி பார்க்கப் பழகிய எனக்கு இந்த வேலை சரியாகப் பிடிபட்டது செயின்ட் ஹெலினா தீவில்தான். அதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் போகிற தீவு வேறாக இருந்தாலும் வேலையின் போக்கு மாறாது.

நம்மில் பலருக்கு அது நெப்போலியன் காவலில் இருந்து இறந்த தீவு, அவ்வளவுதான். தென் அட்லாண்டிக் நடுவில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டர் தள்ளி, 122 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிற்கும் எரிமலைத் தீவு. மக்கள்தொகை சுமார் 4,400. 2017இல் பயணிகள் விமானம் தொடங்கும்வரை கப்பலை விட்டால் வேறு வழி இல்லை. இந்தச் சின்ன நிலத்தில், உலகில் வேறெங்கும் காட்டுச்செடியாக வளராத பூக்கும் தாவரங்கள் 45 போல இருக்கின்றன. பெரணிகள் தனி. அவற்றில் பல இன்று விரல்விட்டு எண்ணும் நிலையில் நிற்கின்றன.

முதலில் அழிவின் கதையைப் படியுங்கள்

தீவுக்குப் போகுமுன் அந்தத் தீவின் காடு எப்படி அழிந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மிச்சம் எங்கே இருக்கும் என்பதை அந்தக் கதையே சொல்லிவிடும்.

செயின்ட் ஹெலினாவைப் போர்த்துகீசியர் கண்டது 1502இல். 1513 வாக்கில் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாத தீவில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த செடிகளுக்கு முள்ளும் இல்லை, கசப்பும் குறைவு. ஆடு பெரிய மரத்தைச் சாய்ப்பதில்லை. முளைத்து வரும் கன்றை மேய்ந்துவிடும். கிழ மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக, அடுத்த தலைமுறை வரவேயில்லை. 1659இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடியேறியது. ரெட்வுட் என்ற தீவின் சொந்த மரத்தின் பட்டையைத் தோல் பதனிட உரித்தார்கள், தீவுக்கே உரிய எபனி மரத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்தார்கள். 1907இலிருந்து 1966 வரை நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற நார்ச்செடியை மேட்டு நிலமெங்கும் பயிரிட்டார்கள். பிரிட்டிஷ் அஞ்சல்துறை செயற்கை நூலுக்கு மாறியதும் ஆலைகள் மூடின. செடி மட்டும் போகவில்லை. இன்றும் மலைச்சரிவுகளை மூடிக்கொண்டு நிற்கிறது.

இதைப் படித்ததும் ஒரு கணக்குப் போடலாம். ஆட்டுக்கால் எட்டாத இடம் எது? கோடரியும் வண்டியும் போகாத இடம் எது? ஃபிளாக்ஸ் நட முடியாத அளவுக்குக் கூர்மையான முகடு எது? தாளில் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால், முதல் வாரம் எங்கே நடக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பச்சைப்பசேல் என்று கண்ணைப் பறிக்கும் இடத்துக்கு முதலில் ஓடாதீர்கள். தீவுகளில் அப்படிப்பட்ட பசுமையில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்த செடிகளுடையது.

அப்புறம் பழைய உலர்செடித் தாள்கள், அதாவது செடியை அழுத்தி உலர்த்தி, விவரச் சீட்டோடு ஒட்டி வைத்த தாள்கள். வில்லியம் பர்ச்செல் 1805 முதல் 1810 வரை இந்தத் தீவில் இருந்து சேகரித்த மாதிரிகள் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. வில்லியம் ராக்ஸ்பர்க் 1813–14இல் தீவில் கண்ட செடிகளுக்கு அகரவரிசைப் பட்டியல் எழுதினார். ஆம், சென்னையில் கம்பெனி மருத்துவராக வந்து சேர்ந்து, சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய அதே ராக்ஸ்பர்க்தான். சோழமண்டலக் கரைச் செடிகளுக்காக நாம் புரட்டும் பெயர், ஊருக்குத் திரும்பும் வழியில் இந்தத் தீவின் செடிகளையும் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

பழைய சீட்டுகளில் பல நேரம் தீவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால் சீட்டை மட்டும் பார்க்காமல் மாதிரியையே உற்றுப் பாருங்கள். இலை தடித்துச் சின்னதாக இருந்தால் வறண்ட பக்கம், மெலிந்து அகலமாக இருந்தால் மேகம் தவழும் உயரம் என்று ஓரளவு ஊகிக்கலாம். சேகரித்த தேதி பூக்கும் மாதத்தைக் காட்டிக்கொடுக்கும். பயணத்தை அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது "முக்கிய இடம்"?

உலக அளவில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பிளான்ட்லைஃப் அமைப்பு தொடங்கிவைத்த "முக்கியத் தாவர இடங்கள்" என்ற திட்டம் அது. அதன் அளவுகோல்களை 2017இல் திருத்தி வெளியிட்டார்கள். எளிமையாகச் சொன்னால் மூன்று கேள்விகள். அழியும் நிலையில் உள்ள, அல்லது மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழும் இனம் அங்கே இருக்கிறதா? அந்த வகைக் காட்டுக்கோ புல்வெளிக்கோ உரிய செடிகள் அங்கே அசாதாரணமாக அதிகமா? அந்த வாழிடமே அழிந்துவரும் வாழிடமா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் போதும்.

முதல் கேள்விக்கு எண் உண்டு. ஆபத்தில் உள்ள ஒரு இனத்தின் உலகத் தொகையில் 1 சதவீதமாவது, அல்லது அந்த நாட்டுத் தொகையில் 5 சதவீதமாவது அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இனத்துக்கு நாட்டில் உள்ள சிறந்த 5 இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மொத்தப் பரவலே 100 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும் செடிகளுக்குத் தனி மதிப்பு கொடுக்கிறார்கள்.

இங்கேதான் தீவுக்காரர்களுக்குச் சிக்கல். தீவே 122 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு உயரப் பட்டையில் மட்டும் வளரும் எந்தச் செடியும் இந்த அளவுக்குள் தானாக விழுந்துவிடும். அளவுகோலை அப்படியே வைத்தால் தீவு முழுவதும் முக்கிய இடமாகிவிடும். அது உண்மையும்கூட. ஆனால் வேலை செய்ய ஐந்து பேரும் ஒரு வண்டியும் மட்டும் இருக்கும்போது, முழுத் தீவும் முக்கியம் என்ற அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

ஆகவே நான் இன்னொரு கேள்வியை முன்னால் வைக்கிறேன்: இந்த இடம் போய்விட்டால், இதே செடியை நாம் காட்டில் பார்க்க வேறு இடம் இருக்கிறதா? இல்லை என்றால், அங்கே ஒரே ஒரு இனம்தான் இருந்தாலும், அதுவே முதல் இடம். இருபது இனங்கள் இருக்கும் அழகான சரிவு, அந்த இருபதும் பக்கத்துச் சரிவிலும் இருந்தால், அடுத்துதான். எண்ணிக்கை அதிகமாக இருக்கும் இடம்தான் சிறந்த இடம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கண்டத்தில் அது சரியாக வரலாம். தீவில் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

களத்தில்

தீவை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டிய வறண்ட வளையம், நடுவில் ஒருகாலத்தில் மரம் அடர்ந்திருந்த சரிவுகள், மேலே மேகக்காடு.

வறண்ட வளையத்தை அங்கே கிரவுன் வேஸ்ட்ஸ் என்கிறார்கள், நம் ஊர் பட்டா ஆவணத்தில் புறம்போக்கு, தரிசு என்று எழுதுவதுபோல. பார்க்க மொட்டைப் பாறைதான். ஆனால் ஸ்க்ரப்வுட் புதரும், 'ஓல்ட் ஃபாதர் லிவ் ஃபார் எவர்' என்று தீவு மக்கள் அழைக்கும் பெலார்கோனியமும் அங்கேதான் இருக்கின்றன. பிடுங்கி வைத்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் செடி அது. 'பேபீஸ் டோஸ்' என்ற குண்டு இலைச் செடி ஓராண்டுச் செடி. மழை பெய்த பிறகு முளைத்து, வளர்ந்து, விதைத்துவிட்டுக் காணாமல் போய்விடும். கோடையில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதினால் அந்த இடம் ஒரே வரியில் அழிந்துவிடும். வறண்ட இடத்தை மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேல் அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த பாக்ஸ்வுட் செடி 1998இல் கிடைத்தது இப்படிப்பட்ட வறண்ட தெற்குப் பக்கத்தில்தான். ஸ்டெட்சன் ஸ்ட்ரவுட் என்ற தீவுக்காரர் கண்டுபிடித்தார்.

பாறைச்சுவர்களைத் தவிர்க்கவே கூடாது. தீவு எபனி அழிந்துவிட்டதாகப் புத்தகங்கள் எழுதிய பிறகு, 1980 நவம்பரில் குவென்டின் குரோங்க் என்ற தாவரவியலாளரும் ஜார்ஜ் பெஞ்சமின் என்ற தீவின் வனத்துறைப் பணியாளரும் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டே இரண்டு செடிகளைக் கண்டார்கள். ஜார்ஜின் சகோதரர் கயிறு கட்டி இறங்கிக் கிளை வெட்டி வந்தார். இன்று தீவில் நட்டிருக்கும் ஆயிரக்கணக்கான எபனிகள் அந்த இரண்டு செடிகளின் வாரிசுகள். நீங்கள் கயிற்றில் இறங்க வேண்டாம். நல்ல பைனாகுலர், எதிர்ச்சரிவில் உட்கார ஒரு இடம், காலை வெயில் பாறைமேல் சாய்வாக விழும் ஒரு மணி நேரம் போதும். இலையின் நிறம் சுற்றியுள்ள புதரிலிருந்து விலகித் தெரிகிற இடங்களைப் படமெடுத்துக் குறித்து வையுங்கள். இறங்குவதைப் பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள்.

செத்த மரத்தையும் எண்ணுங்கள். வறண்ட சரிவுகளில் எபனியின் பழைய கட்டைகள் இன்றும் மண்ணில் கிடக்கின்றன. கைவினைஞர்கள் அவற்றைப் பொறுக்கி நகையும், மரத்தில் பதிக்கும் அலங்கார வேலையும் செய்திருக்கிறார்கள். காடு எதுவரை இருந்தது என்பதற்கு அந்தக் கட்டைதான் சாட்சி. பின்னால் மீள்நடவுக்கு எந்த இடம் என்று கேட்கும்போது, கட்டை கிடந்த இடங்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உயிருள்ளவற்றை எண்ணும்போது ஒரே தொகையாக எழுதாதீர்கள். பூத்துக் காய்த்த மரம், வளர்ந்தும் பூக்காத மரம், முழங்கால் உயரக் கன்று, நாற்று என்று பிரித்து எழுதுங்கள். நூறு பெரிய மரம் நின்று ஒரு நாற்றுகூட இல்லாத இடம், பத்து மரமும் ஐம்பது நாற்றும் உள்ள இடத்தைவிட அவசரமானது. வெளியிலிருந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும். ஏன் நாற்று இல்லை என்பதையும் அன்றே தேடுங்கள்: முயல் புழுக்கையா, எலி கடித்த காயா, தரையில் வேறு செடியின் மெத்தையா?

மேகக்காடுதான் என் மனம் நிற்கிற இடம். டயானா சிகரம் 820 மீட்டரைத் தொடுகிறது. அதன் முகட்டில் மரப்பெரணிகளும், பிளாக் கேபேஜ், ஹீ கேபேஜ், ஒயிட்வுட் என்ற மரங்களும் குறுகலான ஒரு பட்டையாக நிற்கின்றன. கேபேஜ் என்று பெயர் இருந்தாலும் எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். கண்டத்தில் செடியாக நிற்கிற குடும்பம் தீவில் மரமாகிவிட்டது. காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும்போது பெரணியின் இலை ஒவ்வொன்றும் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறக்கும். தீவின் குடிநீருக்கும் அந்த ஈரம் சேர்கிறது. முகட்டிலிருந்து சில அடி இறங்கினால் ஃபிளாக்ஸ் சுவர். முட்கள் சிலிர்த்த மஞ்சள் நிற மரப்பேன் ஒன்று இந்தக் காட்டில் மட்டும் வாழ்கிறது. செடிக்காக ஒரு இடத்தைக் காத்தால் இப்படி எத்தனையோ உயிர் சேர்ந்து பிழைக்கும் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். பணம் கொடுப்பவர்களுக்கு அது புரியும்.

அங்கே மாதிரி உலர்த்துவது பெரும்பாடு. காற்றே ஈரம். செய்தித்தாளைத் தினமும் இருமுறை மாற்றுங்கள். ராத்திரி ஒரு சின்ன ஹீட்டர் அருகில் அழுத்துப்பலகையை வையுங்கள். இனம் அரியது என்றால் மாதிரியே எடுக்க வேண்டாம். பூ, இலையின் இருபுறம், தண்டு, முழு மரம், சுற்றுப்புறம் எல்லாம் படம் பிடித்து, டிஎன்ஏவுக்கு ஒரு இலைத்துண்டைச் சிலிக்கா ஜெல்லில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் பள்ளத்தாக்கில் பொய் சொல்லும். எண்ணோடு, "பாதை இரண்டாகப் பிரியும் பாறையிலிருந்து வலப்பக்கம், மூன்று மரப்பெரணி தாண்டி" என்று கையால் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து வருபவருக்கு அதுதான் வழிகாட்டும். சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். அரிய செடி தேடிச் சேகரிக்கும் ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

வரைபடம் முடியும்வரை விதையைத் தள்ளிப்போடாதீர்கள்

இதை எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். செயின்ட் ஹெலினா ஆலிவ் என்று ஒரு மரம் இருந்தது. பெயர்தான் ஆலிவ், நம் இலந்தையின் குடும்பம் அது. அழிந்துவிட்டதாக நினைத்த அந்த மரத்தை 1977இல் ஜார்ஜ் பெஞ்சமின் ஒற்றை மரமாகக் கண்டார். காட்டிலிருந்த அந்த மரம் 1994இல் செத்தது. பதியன்களும் நாற்றுகளும் பூஞ்சை நோயிலும் கரையானிலும் ஒவ்வொன்றாகப் போக, கடைசிச் செடி 2003இல் செத்தது. உலகத்தில் இனி அந்த மரம் இல்லை. முயன்றவர்கள் சும்மா இருக்கவில்லை, உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஆனால் அந்த மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம். ஒரே மரம் மிஞ்சினால் முளைக்கும் விதை மிக மிக அரிது. நூறு மரம் நின்ற காலத்தில் ஒரு பை விதை எடுத்து வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே கணக்கெடுப்புப் பையில் விதை உறையும் இருக்கட்டும். அனுமதிச் சீட்டைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். விதை வங்கிகளின் பொதுவிதி: ஒரு இடத்தில் அன்று பழுத்திருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்காதே; முடிந்தால் குறைந்தது 50 செடிகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடு. தீவில் ஐம்பது எங்கே? இருக்கிற ஒவ்வொரு செடியிலும் எடுங்கள். ஆனால் ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனி உறையில், தனி எண்ணோடு வையுங்கள். ஒன்றாகக் கொட்டிவிட்டால் எது யாருடைய பிள்ளை என்று பிறகு தெரியாது. நெருங்கிய உறவில்லாத செடிகளாகப் பார்த்து ஜோடி சேர்க்கவும் முடியாது. வங்கியில் 15 டிகிரியில், 15 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். உலர்த்தினால் செத்துவிடும் விதைகளும் உண்டு. அவற்றுக்கு நாற்றங்கால்தான் வழி. அதுவும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரே நாற்றங்காலில் வைத்து, ஒரு பூஞ்சையால் எல்லாவற்றையும் இழக்க வேண்டாம்.

வேகம் எவ்வளவு உதவும் என்பதற்குப் பக்கத்துத் தீவே உதாரணம். அசென்ஷன் தீவின் பார்ஸ்லி பெரணி 1958க்குப் பிறகு யாரும் காணாதது. 2009இல் ஒரு சரிவில் சில செடிகள் தென்பட்டன. அங்கேயே தண்ணீர் கொடுத்துக் காத்து, வித்துத்தூள் உள்ள இலைநுனிகளை வெட்டி, 24 மணி நேரத்துக்குள் கியூ தோட்டத்துக்கு விமானத்தில் சேர்த்தார்கள். இன்று அது பெருகி வளர்கிறது.

கலப்பினம் பற்றியும் கவனம் வேண்டும். எபனியும் ரெட்வுட்டும் பக்கத்தில் பூத்தால் கலந்துவிடும். அந்தக் கலப்புக்கு ஜார்ஜ் பெஞ்சமின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அழகான மரம்தான், ஆனால் அதன் விதையை எபனி என்று நட்டால் எபனி போய்விடும். பாஸ்டர்ட் கம்வுட் என்ற மரம் 1982இல் ஒற்றை மரமாகக் கிடைத்து 1986இல் விழுந்தது. 2009இல் இன்னொரு காட்டு மரம் ஒரு பாறைச்சரிவில் கிடைத்தது. சாதாரணக் கம்வுட்டின் மகரந்தம் வராமல் மரத்தைச் சுற்றி வலை கட்டி, கையால் மகரந்தம் தடவி, பொறுமையாக விதை எடுத்தார்கள். நீங்கள் எடுக்கும் நாற்று சுத்தமா என்று இலையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்; சந்தேகம் இருந்தால் தனி வரிசையில் வைத்து, டிஎன்ஏ முடிவு வரும்வரை காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கோடு போட்ட பிறகு

எல்லையைச் செடி நிற்கும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். மேலே இருந்து தண்ணீர் வரும் சரிவு, காற்று விதையைத் தள்ளும் திசை, மகரந்தம் கொண்டுவரும் பூச்சி வாழும் இடம், செடி மேல்நோக்கி ஏறிப் பரவ இடம் என இவ்வளவும் உள்ளே வரட்டும். கூடவே எல்லை, நடக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற முகடு, ஓடை, பாதை இவற்றை ஒட்டி இருந்தால் காவலருக்கு எளிது.

சட்டம் தேவை. டயானா சிகரப் பகுதி 1996இல் தேசியப் பூங்காவானது. ஆனால் ஃபிளாக்ஸுக்குச் சட்டம் தெரியாது. அதைப் பிடுங்கத்தான் வேண்டும். அதில் அவசரம் கூடாது. ஒரு சரிவை ஒரே நாளில் மொட்டையடித்தால் மழையில் மண் வழுக்கும். வெறும் தரையில் பிளாக்பெர்ரி முதலான களை ஏறிவிடும். சொந்தச் செடி நிற்கும் முகட்டிலிருந்து தொடங்கி, நாற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இடத்தை மட்டும் திறந்து, வெட்டிய ஃபிளாக்ஸை அங்கேயே மூடாக்காகப் போட்டு, உடனே நடுங்கள். நாற்றின் கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டும் வேகம். இதைத் தாண்டச் சொல்லி அலுவலகத்திலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உள்ளே நுழையும் முன் காலணியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனையுங்கள். வேரழுகல் கிருமி சேற்றோடு போகும். பையின் ஜிப்பில், சாக்ஸில் ஒட்டும் விதைகளையும் பொறுக்குங்கள். காப்பாற்றப் போன நாமே களையைக் கொண்டுபோகக் கூடாது.

பூச்சியையும் கண்காணியுங்கள். பீக் டேல் என்ற இடத்தில் கம்வுட் காட்டின் மிச்சத் துண்டு ஒன்று நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சி அங்கே மரங்களைக் கொல்லத் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து அந்தப் பூச்சியை மட்டும் தின்னும் ஒரு பொறிவண்டை வரவழைத்து, சோதித்து, விட்டார்கள். சில ஆண்டுகளில் பூச்சி அடங்கியது. கம்வுட் தீவின் தேசிய மரமாக இன்னும் நிற்கிறது. காடு முழுவதும் போகுமுன் கவனித்ததால்தான் இது நடந்தது. மாதம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

அந்த ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். எபனியையும் ஆலிவையும் கண்டதில் ஜார்ஜ் பெஞ்சமினின் கண் இருந்தது; தினமும் அந்தச் சரிவில் நடந்தவர் அவர். நாம் போன முதல் நாளே பழைய வனப்பணியாளர்கள், மீனவர்கள், கழுதை ஓட்டியவர்கள் என்று கேட்டுத் தேடி உட்கார்ந்து பேச வேண்டும். லத்தீன் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். உலர்த்திய இலையைக் காட்டி, "இதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா, வீட்டில் என்ன சொல்வீர்கள்" என்று கேளுங்கள். தீவு மக்கள் தங்களை செயின்ட்ஸ் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பிலோ என்று ஒரே பாத்திரத்தில் சோறும் மசாலாவும் சேர்த்துச் சமைப்பதை உங்கள் முன் வைத்துவிட்டு, சாவகாசமாகப் பேசுவார்கள். அவசரப்படாமல் சாப்பிடுங்கள். பேச்சில்தான் இடம் வரும்.

2000இல் மில்லேனியம் காடு தொடங்கியபோது, ஒருகாலத்தில் கிரேட் வுட் என்ற பெருங்காடு இருந்து அழிந்த வறண்ட சமவெளியில் தீவு மக்கள் திரளாக வந்து ஆளுக்கொரு கம்வுட் நட்டார்கள். நட்ட மரத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறார்கள். முக்கிய இடத்தின் பட்டியலை எழுதும்போது இப்படி மீட்டெடுக்கக்கூடிய இடங்களுக்கும் ஒரு பகுதி வையுங்கள். இன்று ஒன்றும் இல்லாவிட்டாலும், கட்டை கிடக்கிறது, மண் இருக்கிறது, மக்கள் வருவார்கள் என்றால் அந்த இடம் பட்டியலில் இருக்கலாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். என்ன இனங்கள், எந்த நிலையில் எத்தனை, எது அச்சுறுத்துகிறது, இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம், விதை எந்த வங்கியில் எந்த எண்ணில் இருக்கிறது, நாற்று எங்கே, பொறுப்பு யார். படம் எடுக்கும் இடத்தில் ஒரு பாறையிலோ கம்பத்திலோ அடையாளம் வைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுங்கள். கோப்பின் ஒரு படி தீவில், வனத்துறை அலுவலகத்தில், அச்சிட்ட தாளாக இருக்கட்டும். இணையம் மெதுவாக இருக்கும் தீவுகளில் கணினியில் மட்டும் இருப்பது யாருக்கும் எட்டாது. திட்டப் பணம் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அதற்கு முன்பே விதை எண்களையும் நாற்றங்கால் சாவியையும் அங்கே தங்கப்போகிறவர் கையில் ஒப்படைத்து, அவரோடு எல்லா இடத்தையும் ஒருமுறை நடந்து காட்டிவிட்டு வாருங்கள்.